மதியச் சாப்பாட்டுச் சங்கமும் ஒரு பொதுக் கழிப்பறையும்

எங்கள் ஊர் எல்லையில், பெட்ரோல் பங்க்குக்குச் சற்று முன்னால், ஒரு பலகை நிற்கிறது. மஞ்சள் நிறத்தில் ஒரு பல்சக்கரம், அதன் கீழே சங்கத்தின் பெயர், கூட்டம் நடக்கும் கிழமை, நேரம், இடம். நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். ரோட்டரி சங்கம். நல்ல தமிழில் சுழற்சங்கம் என்பார்கள்.

பள்ளிக்கூடம் போகும் நாட்களில் பஸ் ஜன்னல் வழியே தினமும் அதைப் பார்ப்பேன். வாரா வாரம் கூடி இவர்கள் என்னதான் செய்வார்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "பணக்காரங்கள்லாம் கூடிச் சாப்பிடுவாங்கடா. நடுவுல யாராவது ஒருத்தர் பேசுவாரு" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்பா சொன்னது தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டையும், நடுவில் பேசிய அந்த யாரோ ஒருவரையும் தேடிக்கொண்டு போனால் கதை எங்கெங்கோ போகிறது. நான் போனதற்குக் காரணம் என் பெரியம்மா. அவர் 1974-இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் இரண்டு நாள் காய்ச்சல், அதற்குப் பிறகு வலது கால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. இன்றைக்கும் இரும்பும் தோலுமாக ஒரு காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறார். இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டம் 1978-இல்தான் தொடங்கியது. போலியோ சொட்டு மருந்து அதில் சேர்ந்தது 1979-இல். பெரியம்மாவுக்கு நாலைந்து வருடம் தாமதம். அந்த மருந்து எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று படிக்கத் தொடங்கி, கடைசியில் 1905-இல் சிகாகோவில் ஒரு சுரங்கப் பொறியாளரின் ஆபீஸ் அறையில் போய் நின்றேன்.

சரி, கதைக்கு வருவோம்.

அப்போது சிகாகோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். கசாப்புத் தொழிற்சாலைகள், ரயில் கூடங்கள், எங்கும் கரி, எங்கும் புகை. நகரத்தின் சாக்கடை போய்ச் சேர்ந்த அதே மிச்சிகன் ஏரியிலிருந்துதான் குடிநீரும் வந்தது. டைபாய்டு ஆண்டுதோறும் ஆட்களை வாரிக்கொண்டு போக, வேறு வழியில்லாமல் கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவிட்டார்கள். (ஆமாம், ஆற்றைத் திருப்பியே விட்டார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

இந்த ஊரில் பால் ஹாரிஸ் என்று ஒரு வக்கீல். வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சிறிய ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சிகாகோவிலோ கட்சிக்காரர்கள் இருந்தார்கள், சினேகிதர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவதென்று தெரியாது. கிராமத்திலிருந்து சென்னைக்குப் போய் மேன்ஷனில் தங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

1905 பிப்ரவரி 23 அன்று மாலை, யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலே, சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோர், தையல் தொழில் செய்த ஹைராம் ஷோரி. ஆபீஸ் லோருடையது. அடுத்த கூட்டம் ஹாரிஸின் ஆபீஸில், அதற்கடுத்தது ஷீலேயின் கரிக் கிடங்கில். இப்படி முறை வைத்து இடம் மாற்றி மாற்றிக் கூடியதால்தான் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. 'சுழற்' என்று தமிழில் போட்டவர் யாராக இருந்தாலும் சரியாகப் புரிந்துகொண்டுதான் போட்டிருக்கிறார்.

இதில் சேவை எங்கே என்று கேட்கிறீர்களா? எங்கேயும் இல்லை! ஒரு தொழிலுக்கு ஒரே ஒருவர் என்பது விதி. ஒரு கரி வியாபாரி, ஒரு தையற்காரர், ஒரு அச்சகக்காரர். எதற்கென்றால், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்ளத்தான். என் துணியை நீ தை, உன் கரியை நான் வாங்குகிறேன். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கெழுதுவதற்கே ஓர் உறுப்பினரை வைத்திருந்தார்கள். 1906-இல் எழுதிய விதிமுறையில் சங்கத்துக்கு இரண்டே நோக்கங்கள்: உறுப்பினர்களின் வியாபார நலன், உறுப்பினர்களின் நட்பு. வராதவர்களுக்கு அபராதம் உண்டு. அச்சகக்காரர் ஹாரி ரக்கிள்ஸ் கூட்டத்தில் எல்லோரையும் சேர்ந்து பாட வைத்தார். மொத்தத்தில் சாப்பாடு, பாட்டு, வியாபாரம். அப்பா சொன்னது இந்தக் கட்டம் வரைக்கும் அப்படியே சரி.

அதே 1906-இல் ஒரு சின்ன விஷயம் நடந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். ஃபிரெடரிக் ட்வீட் என்ற உறுப்பினர், டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சங்கத்தில் சேரும்படி அழைத்தார். கார்ட்டர் விதிமுறையை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, தன் உறுப்பினர்களைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் செய்யாத சங்கத்துக்கு எதிர்காலம் கிடையாது, எனக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நம்மிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன செய்வோம்? "போடா" என்றுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்போம். அவர்கள் கார்ட்டரையே உட்கார வைத்து, விதிமுறையில் என்ன சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். சிகாகோ நகரத்தின் நலனுக்காக உழைப்பது, மக்களிடம் ஊர்ப்பற்றை வளர்ப்பது என்று மூன்றாவதாக ஒரு நோக்கம் சேர்ந்தது. கார்ட்டரும் சேர்ந்தார். (தொடக்கக் கூட்டத்துக்குத் தன் அறையைக் கொடுத்த லோர் சில ஆண்டுகளிலேயே விலகிப் போய்விட்டார். வேண்டாம் என்று சொன்ன கார்ட்டரின் வரி நின்றுவிட்டது.)

நகரத்தின் நலன் என்று எழுதியாயிற்று. இனி எதையாவது செய்தாக வேண்டுமே? 1907-இல் ஹாரிஸ் சங்கத்தின் தலைவராக இருந்த சமயம் அவர்கள் கையில் எடுத்த முதல் வேலை, சிகாகோவில் ஒரு பொதுக் கழிப்பறை கட்ட வைப்பது.

படித்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். 20 லட்சம் பேர் வாழும் ஊரின் கடைத்தெருவில், வெளியே வந்த மனிதன் அவசரத்துக்கு எங்கே போவான்? பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்கள் சாராயக் கடைக்குள் நுழைவார்கள், பெண்கள் ஸ்டேட் தெருவின் பெரிய துணிக்கடைகளுக்குள் நுழைவார்கள். சும்மா நுழைந்து சும்மா வெளியே வர முடியுமா? அவன் ஒரு குவளை பீர் வாங்க வேண்டும், அவள் எதையாவது விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இதனால்தான் எதிர்ப்பும் வந்தது. கழிப்பறை கட்டுவதை யார் எதிர்ப்பார்கள் என்று நினைப்போம். இரண்டு பலமான கூட்டங்கள் எதிர்த்தன என்று ஹாரிஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒன்று பீர் தயாரிப்பாளர்களின் சங்கம். சிகாகோவின் 6,000 சாராயக் கடைகளிலும் ஆண்களுக்கு வசதி இருக்கும்போது தனியாக எதற்கு என்பது அவர்கள் வாதம். இன்னொன்று பெரிய கடைக்காரர்களின் சங்கம். பெண்களுக்கு எங்கள் கடைகளிலேயே இலவச வசதி இருக்கிறதே என்றார்கள். இரண்டு வாதமும் பொய்யில்லை. அதுதான் இதில் உள்ள வேடிக்கை. வசதி இருந்தது. அதற்குள் போக ஒரு பீரின் விலை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சாப்பாட்டுச் சங்கம் தனியாக நின்று இதை எதிர்கொள்ள முடியாது. மற்ற பொது அமைப்புகளையும் நகர நிர்வாகத்தையும் ஒரே மேசைக்கு அழைத்து, விடாமல் பேசி, கடைசியில் நகரமன்றத்தையே பணம் ஒதுக்க வைத்தார்கள். கழிப்பறை கட்டப்பட்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டி, வாசலில் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை அரசாங்கத்தை வைத்தே செய்ய வைத்தார்கள். வெகு காலம் கழித்துப் போலியோவிலும் இதே வழியைத்தான் பார்க்கிறோம்.

பிறகு சங்கம் பரவியது. 1908-இல் சான் பிரான்சிஸ்கோ, 1920-இல் கல்கத்தா, 1929-இல் சென்னை. எல்லா இடத்திலும் அதே சடங்கு: வாரம் ஒரு கூட்டம், சாப்பாடு, வெளியிலிருந்து ஒரு பேச்சாளர். தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வராவிட்டால் உறுப்பினர் பதவியே போய்விடும் என்பது பல காலம் இருந்த விதி. 2016-இல்தான் வாரக் கூட்டக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள்.

இந்தப் பேச்சாளர் ஏற்பாட்டை முதலில் நான் லேசாக நினைத்தேன். நம் கல்லூரி விழாக்களில் சிறப்பு விருந்தினர் பேசும்போது நாம் செல்போன் நோண்டுவதில்லையா, அதுபோல. ஆனால் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

எலிரியா என்ற ஊரில் எட்கர் ஆலன் என்பவர் மரவியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தார். 1907 மே மாதம் நடந்த டிராம் விபத்தில் அவர் மகன் ஹோமர் இறந்துபோனான். சரியான ஆஸ்பத்திரி ஊரில் இல்லை. ஆலன் வியாபாரத்தை விட்டுவிட்டு, நிதி திரட்டி, அடுத்த ஆண்டே ஊரில் ஆஸ்பத்திரி வரச் செய்தார். அதை நடத்தும்போதுதான் கை கால் ஊனமான குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவந்தது. அவர்களுக்காகவே 1915-இல் தனியாக ஓர் ஆஸ்பத்திரி. பிறகு ரோட்டரியில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு சங்கத்திலும் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் குழந்தைகளைப் பற்றியே பேசினார். 1919-இல் அந்தச் சங்கங்களின் துணையோடு, ஊனமுற்ற குழந்தைகளுக்கான மாநில அமைப்பு உருவானது. இன்று ஈஸ்டர் சீல்ஸ் என்ற பெயரில் இருக்கும் அமைப்பின் வேர் அது.

இரண்டாவது சம்பவம் பக்கத்து வீட்டுக் கதை, அரிமா சங்கம் என்று நாம் சொல்லும் லயன்ஸ். அதுவும் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் கூட்டிய வியாபாரிகள் கூட்டத்தில் பிறந்ததுதான். 1925 ஜூன் 30 அன்று, ஒஹாயோவின் சீடர் பாயின்ட்டில் நடந்த அவர்கள் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லரைப் பேச அழைத்தார்கள். பார்வையற்றவர்களுக்காக நீங்கள் போராட மாட்டீர்களா என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து கண் அவர்கள் வேலையானது. 1930-இல் பியோரியா நகரத்து லயன்ஸ் உறுப்பினர் ஜார்ஜ் போனம், கறுப்புக் கைத்தடியோடு தெருவைக் கடக்கத் திணறிய ஒருவரைப் பார்த்துவிட்டு, தடிக்கு வெள்ளை அடித்தால் வண்டிக்காரர்களுக்குத் தெரியுமே என்று சங்கத்தில் சொன்னார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிலையத்தின் பெயரில் லயன்ஸ் என்ற சொல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணிதான் அது.

இனி பெரியம்மாவின் விஷயம்.

1978-79-இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தவர் கிளெம் ரெனூஃப் என்ற ஆஸ்திரேலியர். விமானத்தில் போகும்போது ஒரு பத்திரிகையில் பெரியம்மை ஒழிக்கப்பட்ட கதையைப் படித்தார். ஒரு நோயை உலகத்திலிருந்தே துடைத்தெறிய முடியுமென்றால், அடுத்தது எது? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தொற்றுநோய்ப் பிரிவில் இருந்த ஜான் செவர் என்ற மருத்துவர் ரோட்டரி உறுப்பினரும்கூட. அவரிடம் கேட்டார். போலியோ என்று பதில் வந்தது. ஊசி வேண்டாம், வாயில் சொட்டு விட்டால் போதும், சிறிது பயிற்சி கொடுத்தால் யாரும் செய்யலாம் என்பது முக்கியக் காரணம். நர்ஸும் டாக்டரும் இல்லாத இடத்திலும் கடைக்காரரும் வாத்தியாரும் இருப்பார்கள் அல்லவா?

1979 செப்டம்பர் 29 அன்று பிலிப்பைன்ஸின் மக்காத்தி நகரில் முதல் சொட்டு விடப்பட்டது. 60 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க 7,60,000 டாலர், ஐந்து ஆண்டுத் திட்டம். அரசாங்கத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில்தான் நடந்தது. சிகாகோ கழிப்பறையில் பார்த்த அதே வழி. 1985-இல் உலகம் முழுவதற்கும் 'போலியோ பிளஸ்' அறிவித்தபோது 12 கோடி டாலர் திரட்டலாம் என்று நினைத்தார்கள். 1988-க்குள் 20 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டுதான் உலக சுகாதார சபை போலியோவை ஒழிப்பதென்று தீர்மானம் போட்டது. அப்போது 125 நாடுகளில், ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள்.

பணம் மட்டும் இருந்தால் போதுமா? நம் ஊரில் போதவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான். மேலை நாடுகளில் மூன்று முறை சொட்டு மருந்து கொடுத்தால் கிடைக்கும் பாதுகாப்பு, நம் குழந்தைகளுக்கு மூன்று முறையில் கிடைக்கவில்லை என்பதை 1970-களிலேயே காட்டினார். அப்படியானால் இன்னும் பல முறை கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு நாளில் தனித்தனியாகக் கொடுப்பதைவிட, ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் வைரஸுக்கு ஒதுங்க இடமிருக்காது. 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரத்தில் இதைச் செய்து காட்டினார்கள். அதற்குத் துணை நின்றது உள்ளூர் ரோட்டரி சங்கம். பின்னால் நாடு முழுக்கப் 'பல்ஸ் போலியோ' என்று நாம் கேட்ட பெயரின் பின்னே இருப்பது இந்த யோசனைதான். 1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில், 1995 டிசம்பரில் நாடு முழுவதும்.

சுண்டு விரலில் மை, வாசலில் சாக்பீஸ் எழுத்து, மஞ்சள் பேனர். நம் தலைமுறைக்கு இதெல்லாம் திருவிழா மாதிரி. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் பல வீடுகள் கதவைத் திறக்கவில்லை. மருந்தில் ஏதோ கலந்திருக்கிறது, பிள்ளை பிறக்காது என்று வதந்தி. அங்கே ரோட்டரி செய்த காரியம், இஸ்லாமிய மார்க்க அறிஞர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து அவர்களையே பேச வைத்தது. மறுபடியும் ஒரு பேச்சாளர்! 2009-இல் நாட்டில் 741 பேருக்குப் போலியோ. 2010-இல் 42. 2011-இல் ஒரே ஒருவர், ஹவுராவைச் சேர்ந்த ஒரு சிறுமி, ஜனவரி 13. அதோடு நின்றது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே சான்றிதழ் கிடைத்தது.

கோடிக்கணக்கான வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் பெரும்பாலோர் அங்கன்வாடி ஊழியர்களும், கிராம செவிலியர்களும், ஆஷா பணியாளர்களும்தான். போட்டோவில் சால்வையோடு நிற்பவர்கள் வேறு. உலகத்திலும் வேலை முடியவில்லை. 2024-இல் பாகிஸ்தானில் 74 பேருக்கும் ஆப்கானிஸ்தானில் 25 பேருக்கும் வந்தது.

இந்தச் சங்கத்தைப் பற்றி நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் கார்ட்டருக்குப் பிடிக்காது. சாப்பாட்டு மேசையில் யார் உட்காரலாம் என்பதில் இவர்கள் வெகுகாலம் மோசமாகத்தான் இருந்தார்கள். தொடக்கத்தில் எல்லாம் வெள்ளைக்கார ஆண்கள். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூரின் சங்கம் 1970-களின் கடைசியில் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டதற்காக, அந்தச் சங்கத்தையே விலக்கி வைத்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த பிறகு, 1989-இல்தான் விதி மாறியது. முதல் பெண் உலகத் தலைவர் 2022-இல். 1907-இல் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று வாதாடியவர்கள், பெண்களைக் கூட்டத்துக்குள் விட 82 வருடம் எடுத்துக்கொண்டார்கள்!

இந்தக் கதை முழுவதையும் போன தீபாவளி லீவில் பெரியம்மாவிடம் சொன்னேன். போலியோ பகுதியைக் கேட்டு அவர் நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். "ம்" என்று மட்டும் சொன்னார். பீர் கதையைத்தான் திரும்பச் சொல்லச் சொன்னார்.

அவருக்கு முழங்கால் மடங்காது. காலிப்பரோடு தரையில் குந்தி உட்கார முடியாது. பஸ் ஸ்டாண்டுகளில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் குந்தும் கழிப்பறைதான், அதற்கும் நாலு படி ஏற வேண்டும். அதனால் வெளியூர் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். முடியாமல் போனால் நல்ல ஹோட்டலாகப் பார்த்து உள்ளே போய், குடிக்கப் போகாத காபி ஒன்றை ஆர்டர் செய்துவிட்டு, சர்வரிடம் மெதுவாகக் கேட்பார். இது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. கூடவே எத்தனையோ முறை பயணம் போயிருக்கிறேன்.

"அவங்களுக்கு பீரு, எனக்குக் காபி" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பலகையில எந்தக் கிழமைடா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை என்றேன்.

"வெளியாளைப் பேசக் கூப்பிடுவாங்கன்னு சொன்னியே, என்னைக் கூப்பிடுவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

இந்த வியாழக்கிழமை போய்க் கேட்கப் போகிறேன்.